8-இன் மடங்கு, 8 மடங்கு: பையனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

தாமுவே அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் தாமுவே பக்கம் இருக்கிறோம். மகன் ஆறாம் வகுப்பு. பள்ளியில் எல்லாம் பர்மியில்தான், ஞாயிறு காலை மட்டும் கோயில் தமிழ் வகுப்புக்குப் போய் வருகிறான். இப்போது பள்ளியில் மடங்கு பாடம் நடக்கிறது, வீட்டில் தினமும் ஒரு சண்டை.

கணக்கு இதுதான்: 150-க்கும் 200-க்கும் இடையில் உள்ள 8-இன் மடங்குகளை எழுது. முதல் தடவை 1, 2, 4, 8 என்று எழுதி வைத்தான். அது காரணிடா என்றேன். சரி என்று 8, 16, 24 எனக் கூட்டிக்கொண்டே போனான், நடுவில் கரண்ட் போய் மெழுகுவர்த்தி தேடி வந்து உட்கார்ந்த நேரத்தில் 104-க்கு அப்புறம் 114 என்று எழுதிவிட்டான். அதற்குப் பிறகு 122, 130 எனத் தொடங்கி கடைசியில் 154, 162, 170, 178, 186, 194 என்று முடித்தான். ஆறும் தப்பு. சயாமா (டீச்சர்) சிவப்பு மையில் ஒரே கோடாக இழுத்துவிட்டார், எங்கே தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

இது போதாதென்று தமிழ் வகுப்பில் "5-இன் மூன்று மடங்கு எவ்வளவு" என்று கேட்டிருக்கிறார்கள், இவன் "3-இன் மடங்கு" என்று நினைத்துக்கொண்டு 3, 6, 9 என்று ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டான். சத்தியமாக எனக்கே நாக்கு சுழன்றுவிட்டது. நான் படித்ததெல்லாம் பாட்டி சொல்லிக் கொடுத்த ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு வாய்ப்பாடுதான், அதில் மடங்கு என்ற சொல்லே வராது.

இன்னும் இரண்டு சந்தேகம். 8 என்ற எண்ணே 8-இன் மடங்கா? 0 மடங்கா இல்லையா? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

மோல்மீன் ஜவுளி:

அக்கா, எங்கள் அப்பாவுக்கு மோல்மீனில் துணிக்கடை இருந்தது, எனக்கு மடங்கு புரிந்தது பள்ளியில் இல்லை, கடையில். மடங்கு என்பது மடிப்புதான், வேறொன்றும் இல்லை. எட்டு முழ வேட்டித் துணி ஒரே நீளமாக, வெட்டாமல் வரும் என்று வையுங்கள். அப்பா தரையில் பாய் விரித்து உட்கார்ந்து எட்டு முழத்துக்கு ஒரு மடிப்பாக மேலே மேலே போட்டுக்கொண்டே வருவார். கடைசி மடிப்பு மற்ற மடிப்புகளோடு ஓரம் ஒட்டி நின்றால் மொத்தத் துணி 8-இன் மடங்கு. 16, 24, 32 எல்லாம் அப்படி நிற்கும். 26 முழம் வந்தால் மூன்று மடிப்பு போக இரண்டு முழம் வாலாகத் தொங்கும், அது மடங்கு இல்லை. அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மகன் எழுதியதைப் பாருங்கள். 154-இல் 19 வேட்டிக்கு 152 போய்விட்டது, மிச்சம் இரண்டு முழம். 162-இல் 20 வேட்டிக்கு 160, மிச்சம் இரண்டு முழம். 170, 178, 186, 194 எல்லாவற்றிலும் அதே இரண்டு முழம். பையன் எட்டு எட்டாகத்தான் சரியாகக் கூட்டியிருக்கிறான், 104-இலிருந்து 114-க்கு ஒரே ஒரு தடவை இரண்டு அதிகம் தாவினான், அந்தத் துண்டு கடைசி வரைக்கும் கூடவே வந்துவிட்டது. சயாமா ஆறு தப்பு என்று போட்டாரே, என் கணக்கில் அது ஒரே தப்பு. பையனிடம் இதைச் சொல்லுங்கள், பாவம்.

மடங்கு, காரணி குழப்பத்துக்கும் இதே துணிதான். மடிப்பின் நீளத்தை 8 என்று நிறுத்திவிட்டோம், துணி எவ்வளவு வேண்டுமானாலும் நீளட்டும் என்றால் வருவது மடங்குகள், அதற்கு முடிவே கிடையாது. துணியை 24 முழம் என்று நிறுத்திவிட்டோம், எந்தெந்த நீளத்தில் மடித்தால் வால் இல்லாமல் நிற்கும் என்று பார்த்தால் 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இவை காரணிகள், எட்டோடு முடிந்துவிடும். எண்ணிப் பாருங்கள், எட்டுதான். (இந்த எட்டுக்கும் வேட்டியின் எட்டுக்கும் சம்பந்தம் இல்லை, தற்செயல்.)

"5-இன் மூன்று மடங்கு" என்றால் ஐந்து முழத்தை மூன்று தடவை மடித்துப் போட்டது, ஒரே விடை, 15. "3-இன் மடங்கு" என்றால் மூன்று முழ மடிப்பில் வால் விடாத எந்தத் துணியும். 15 இரண்டிலும் வருகிறதே, அதனால்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். "மடங்கு" என்ற சொல்லுக்கு நேர் முன்னால் நிற்கிற எண்ணுக்குப் பின்னால் "இன்" ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "மூன்று மடங்கு" என்றால் எத்தனை தடவை, "மூன்றின் மடங்கு" என்றால் எந்த மடிப்பு.

கணக்கு சயா:

மேலே சொன்ன துணி நன்றாக இருக்கிறது, நான் டியூஷனில் இதைத் திருடிக்கொள்ளப் போகிறேன்.

பையன் பர்மியில் படிக்கிறான் என்பதால் அந்த வழியிலும் ஒன்று சொல்லலாம். மடங்குக்கு ஸதோகெய்ன், காரணிக்கு ஸக்வேகெய்ன். "தோ" என்றால் கூடுவது, வளர்வது. "க்வே" என்றால் பிளப்பது. வளர்கிறதா, பிளக்கிறதா? பர்மி சரளமாகப் பேசுகிற பிள்ளைக்கு இந்தப் பெயர்களே விளக்கம், யாரும் நிறுத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது 150, 200 கணக்குக்கு வருவோம். 8-இலிருந்து ஆரம்பித்து ஏறி வருவது வேண்டாத வேலை. தாமுவேயிலிருந்து சூலே பகோடாவுக்குப் போகிறவன் எங்கோ தொலைவில் இருக்கிற பெகுவிலிருந்தா நடக்க ஆரம்பிப்பான்? 150-ஐ 8-ஆல் வகுத்தால் 18 தடவை, மீதி 6. மீதி 6 என்றால் அடுத்த மடிப்பு நிறைய இன்னும் 2 வேண்டும், 150-உம் 2-உம் 152. அங்கிருந்து எட்டு எட்டாக: 152, 160, 168, 176, 184, 192. அடுத்தது 200.

வகுக்கப் பிடிக்காத பிள்ளை என்றால் தெரிந்த இடத்தில் கால் ஊன்றச் சொல்லுங்கள். எட்டுப் பத்து 80, அதன் இரு மடங்கு 160. 160-இலிருந்து ஒரு எட்டு பின்னால் போனால் 152, இன்னொரு எட்டு போனால் 144, அது 150-க்குக் கீழே போய்விட்டது, ஆக 152-தான் தொடக்கம். நான் சொல்லிக் கொடுப்பது இந்த இரண்டாவது வழியைத்தான், ஏனென்றால் நடுவில் கரண்ட் போனாலும் 160 மனதில் நிற்கும்.

எத்தனை மடங்குகள் என்று மட்டும் கேட்டால் எழுதவே வேண்டாம். 200 வரை 25 மடங்குகள், 149 வரை 18. கழித்தால் 7.

8 என்பது 8-இன் மடங்குதான், ஒரே ஒரு மடிப்பு. 0-உம் மடங்குதான், எட்டை சுழியால் பெருக்கினால் 0 வருகிறதே, மீதி இல்லையே. ஆனால் பள்ளிப் புத்தகங்களில் மடங்குகளை எழுது என்றால் வழக்கமாக அந்த எண்ணிலிருந்தே தொடங்குவார்கள். காரணம் மீச்சிறு பொது மடங்கு. 0-ஐயும் சேர்த்துக்கொண்டால் எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் அவற்றின் மிகச் சிறிய பொது மடங்கு 0 என்று ஆகிவிடும், யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பரீட்சையில் 8 என்றே ஆரம்பிக்கட்டும், வாயால் கேட்டால் 0-உம் மடங்கு என்று சொல்லட்டும்.

பெகு தம்பி:

சயா, "இடையில்" என்றால் 200 வராது. ஆறுதான்.

அப்புறம் அக்கா, இவ்வளவு வேலையே வேண்டாம், குறுக்கு வழி இருக்கிறது. 3, 6, 9-இல் முடிந்தால் 3-இன் மடங்கு. இரட்டைப்படையாக இருந்து 4-ஆலும் மீதி இல்லாமல் போனால் 8-இன் மடங்கு. 4-இன் மடங்காகவும் 6-இன் மடங்காகவும் இருந்தால் 24-இன் மடங்கு. நான் இப்படித்தான் பாஸ் செய்தேன்.

இன்செயின் வெங்காயக்கடை:

தம்பி, பாஸ் செய்தது உன் புண்ணியம்.

13 மூன்றில் முடிகிறது, 3-இன் மடங்கா? 26? 19? அப்புறம் 12 இரட்டைப்படை, 4-இன் மடங்கு, 8-இல் போடு பார்ப்போம். மூன்றாவதாகச் சொன்னதுதான் எல்லோரும் விழுகிற குழி. 36 நாலிலும் போகும், ஆறிலும் போகும், 24-இல் போகாது, 12 தொங்கும்.

நான் கடையில் இருந்து சொல்கிறேன். நம் ஊர் வீசைக்கு 100 கியாட்தா, கிலோவில் சுமார் 1.63. (பாட்டி ஊர்க் கணக்கில் வீசைக்கு 40 பலம் என்பார், அது வேறு வீசை, அதை இங்கே இழுத்தால் விடியாது.) நான் வெங்காயத்தை 10 கியாட்தா பொட்டலமாகவும் 25 கியாட்தா பொட்டலமாகவும் கட்டி வைக்கிறேன். ஒரு அம்மாவுக்கு எல்லாம் சின்னப் பொட்டலமாக வேண்டும், இன்னொரு அம்மாவுக்கு எல்லாம் பெரிய பொட்டலமாக வேண்டும், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே எடை போக வேண்டும். சின்னது 10, 20, 30, 40, 50. பெரியது 25, 50. முதலில் சந்திக்கிற இடம் 50, அரை வீசை. தம்பி வழியில் போனால் பத்தையும் இருபத்தைந்தையும் பெருக்கி 250 என்று சொல்லி, அரை வீசை கேட்டவளுக்கு இரண்டரை வீசையைத் தலையில் கட்டியிருப்பேன்.

ஏன் 250 வேண்டாம் என்றால் 10-க்குள்ளும் ஒரு 5 இருக்கிறது, 25-க்குள்ளும் ஒரு 5 இருக்கிறது, அதை இரண்டு தடவை எண்ணக்கூடாது. 250-ஐ 5-ஆல் வகுத்தால் 50. அதே மாதிரி 4-க்கும் 6-க்கும் பொதுவாக ஒரு 2 உண்டு, 24-ஐ 2-ஆல் வகுத்தால் 12. ஆக 4, 6 இரண்டிலும் போகிற எண் கட்டாயம் 12-இன் மடங்கு, 24-க்கு உத்தரவாதம் இல்லை. 3, 4 மாதிரி பொதுவாக எதுவும் இல்லாத ஜோடி என்றால் மட்டும் தம்பி சொன்ன மாதிரி நேரே பெருக்கிக்கொள்ளலாம்.

நம் வருஷச் சக்கரத்தையே பாருங்கள். வியாழன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருஷம், சனி ஏறக்குறைய 30. 12, 24, 36, 48, 60. 30, 60. பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம். அறுபதாம் கல்யாணம் செய்கிறவர்கள் மீச்சிறு பொது மடங்குக்குத்தான் மாலை போட்டுக்கொள்கிறார்கள். (வானத்தில் வியாழனுக்கு 11.86, சனிக்கு 29.46 என்று இருக்கும், யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.)

பெகு தம்பி:

சரி அக்கா, வாபஸ். 200 விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சரி.

கணக்கு சயா:

200 விஷயத்தில் சரி. கேள்வியில் "இடையில்" என்று இருந்தால் ஆறு, "முதல், வரை" என்று இருந்தால் ஏழு.

குறுக்கு வழி வேண்டும் என்றால் சரியானதைச் சொல்கிறேன். 100 என்பது 4-இன் மடங்கு, அதனால் நூறுக்கு மேலே என்ன இருந்தாலும் கவலை இல்லை, கடைசி இரண்டு இலக்கம் 4-இல் போகிறதா என்று மட்டும் பாருங்கள். 154-இல் 54 போகாது, அப்போதே அது 8-இலும் போகாது என்று தெரிந்துவிட்டது, பையன் இதை ஒரு நொடியில் பிடித்திருக்கலாம். 1000 என்பது 8-இன் மடங்கு, ஆகவே 8-க்குக் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் போதும். 3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். 6-க்கு இரட்டைப்படை, கூடவே 3-இன் மடங்கு. 7-க்கும் ஒரு வித்தை இருக்கிறது, அதை நினைவுபடுத்திக்கொள்ளும் நேரத்தில் வகுத்தே முடித்துவிடலாம்.

தாமுவே அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி வேட்டி ஒன்றை எடுத்துப் போட்டு மடித்துக் காட்டினேன், அவன் அப்பா என்ன கூத்து இது என்று பார்த்துக்கொண்டு நின்றார். பையன் 152-இலிருந்து தானே எழுதிவிட்டான். இப்போது வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் மடித்துப் பார்க்கிறான், லுங்கி உட்பட.

ஆனால் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டான். 9-க்கு ஏன் இலக்கங்களைக் கூட்டினால் போதும்? 8-க்கு ஏன் கூடாது? எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி கோநவின் விரதம் இருக்கிறார், ஒன்பது ஒன்பது நாளாக 81 நாள், அவர் கையில் ஜபமாலைக்கு 108 மணி. பையன் 8-உம் 1-உம் ஒன்பது, 1-உம் 8-உம் ஒன்பது என்று சொல்லிக்கொண்டு அவர் பின்னாலேயே திரிகிறான்.

பழைய நோட்டு:

இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், 9 என்றதும் உள்ளே வந்துவிட்டேன்.

பையனிடம் பணத்தை வைத்துச் சொல்லுங்கள். 4,725 கியாட் இருக்கிறது, ஒன்பது ஒன்பதாகப் பிரிக்க வேண்டும். கதைக்கு நான்கு ஆயிரம் நோட்டு, ஏழு நூறு நோட்டு, இரண்டு பத்து, ஐந்து ஒற்றை என்று வையுங்கள். ஒரு ஆயிரத்திலிருந்து 999-ஐ எடுத்துவிட்டால் அது ஒன்பது ஒன்பதாகப் பிரிந்துவிடும், மிச்சம் 1. ஒரு நூறிலிருந்து 99 போனால் மிச்சம் 1. பத்திலிருந்து 9 போனால் மிச்சம் 1. பெரிய நோட்டோ சின்ன நோட்டோ, ஒரு நோட்டுக்கு ஒரு கியாட் மிச்சம், அவ்வளவுதான். அப்படியானால் மொத்த மிச்சம் எத்தனை நோட்டோ அத்தனை: 4, 7, 2, 5 கூட்டினால் 18. பதினெட்டு ஒன்பதாகப் பிரியும், ஆகவே 4,725-உம் பிரியும், ஒன்பது பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 525. நாம் கூட்டுவது இலக்கம் என்று நினைக்கிறோம், உண்மையில் மிச்சத்தைக் கூட்டுகிறோம்.

8-க்கு ஏன் ஆகாது? பத்திலிருந்து 8 போனால் மிச்சம் 2, நூறிலிருந்து 96 போனால் மிச்சம் 4, ஆயிரத்தில் மிச்சமே இல்லை. நோட்டுக்கு நோட்டு மிச்சம் மாறுகிறது, வெறுமே கூட்ட முடியாது. 3-க்கு 9 மாதிரியே, 999, 99, 9 எல்லாம் 3-இலும் பிரிகிறதே.

இப்போது என் கதை. 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதே மாதம் வந்தது 45, 90. நூற்றுக்குப் பக்கத்தில் தொண்ணூறு, ஐம்பதுக்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து, உலகத்தில் யார் இப்படி அடிப்பார்கள்? அன்றைய ஆட்சியாளர் நே வினுக்கு 9 ராசியான எண் என்று ஊரெல்லாம் பேச்சு. 4-உம் 5-உம் ஒன்பது, 9-உம் 0-உம் ஒன்பது. 45-இல் எண்ணெய்த் தொழிலாளர் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய தக்கின் போ ஹ்லா ஜீ, 90-இல் விவசாயிகள் கலகத்தின் சயா சான்.

எனக்கு அப்போது பத்து வயது, மாமா கடையில் கல்லாப் பக்கம் உட்கார்வேன். பள்ளியில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டோடு விட்டுவிடுவார்கள், கடையில் எனக்கு நாற்பத்தைந்தாம் வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு: 45, 90, 135, 180, 225, 270, 315, 360. எதைக் கூட்டினாலும் ஒன்பது. 200 கியாட் சாமானுக்கு இரண்டு தொண்ணூறு கொடுத்து மேலே இருபதுக்கு இரண்டு பத்து தேடுவார்கள், பத்து இல்லை என்றால் ஐந்து நாற்பத்தைந்து கொடுத்துவிட்டு 25 பாக்கி கேட்பார்கள். 25 நோட்டுதான் செத்துப்போய்விட்டதே, நான் இரண்டு பத்தும் ஒரு ஐந்துமாகப் பொறுக்குவேன். மாமா நோட்டுக்கட்டை எண்ணி முடித்ததும் என்னிடம் மொத்தத்தைச் சொல்வார், நான் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பேன். வெறும் 45-உம் 90-உம் உள்ள கட்டு என்றால் ஒன்பதின் மடங்காக வந்தே ஆக வேண்டும், கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினால், மாமா மறுபடி எண்ணுங்கள். அந்த இரண்டு நோட்டிலும் ஒவ்வொன்று இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், 4,275 என்பதை மாற்றி 4,725 என்று சொன்னால் இந்தச் சோதனை பிடிக்காது, இலக்கம் அதேதானே. மாமா ஒரு தடவை அப்படித்தான் மாட்டினார்.

தாமுவே அம்மா:

ஐயா, இதைப் படித்துக் காட்டினதும் பையன் முதலில் போட்டுப் பார்த்தது 1987-தான். ஒன்பதின் மடங்காக இருக்கும் என்று ரொம்ப ஆசை. 1, 9, 8, 7 கூட்டினால் 25, ஏழு தொங்குகிறது. சரி, அப்படியானால் எதன் மடங்கு என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போனான், 13 வரை போய்விட்டான், எதிலும் போகவில்லை, அப்போது கரண்ட் போய்விட்டது. இன்று தொடரப் போகிறானாம், எங்கே நிறுத்துவது?

கணக்கு சயா:

44-இல் நிறுத்தலாம், அதுவும் 17, 19, 23 என்று பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும், கடைசி 43. அதற்கு மேலே ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி 44-க்குக் கீழே இருந்தாக வேண்டும், ஏனென்றால் 45-ஐ 45-ஆல் பெருக்கினாலே 2025 ஆகிவிடுகிறது. விடையை நான் சொல்ல மாட்டேன், அவனே 43 வரைக்கும் போய்விட்டு வந்து சொல்லட்டும். மெழுகுவர்த்தி மட்டும் பக்கத்தில் எடுத்து வையுங்கள்.